லாட்ஜ் நிறுவனர் ஒருவரின் வாழ்க்கையைத் தேடுவோருக்கு லண்டன் ஆவணச் சேவைகள் எவ்வளவு உதவும்?

பிரீமேசன்கள் என்ற சகோதரத்துவ அமைப்பின் உள்ளூர்ச் சங்கமான லாட்ஜ் ஒன்றின் நூற்றாண்டு மலரைப் புரட்டினால், முதல் சில பக்கங்களுக்குள் நிறுவன உறுப்பினர்களின் குழுப் படம் ஒன்று வந்துவிடும். படத்தின் கீழே பெயர்களும், சிலருடைய பெயருக்கு அருகில் வழக்கறிஞர், பொறியாளர், வணிகர் என்ற ஒற்றைச் சொல்லும் இருக்கும். அதற்கு மேல் பெரும்பாலும் எதுவும் இராது. அந்த ஏழெட்டுப் பேரில் ஒருவருடைய வாழ்க்கையை நான்கு பக்கமாவது எழுதித் தரும்படி லாட்ஜின் செயலரோ குடும்பத்தினரோ கேட்கும்போதுதான், எங்கே தொடங்குவது என்ற கேள்வி எழுகிறது. இந்தியாவில் ஆங்கில ஆளுகையின்கீழ், அதாவது இங்கிலாந்தின் தலைமை அமைப்பான கிராண்ட் லாட்ஜின்கீழ், அமைந்த லாட்ஜுகளைப் பொறுத்தவரை, விடையின் பெரும்பகுதி லண்டனில், கிரேட் குயின் வீதியில் உள்ள பிரீமேசன்ஸ் ஹாலின் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அங்கே போகாமலே பயன்படுத்தக்கூடிய மூன்று இணையச் சேவைகளை இங்கே மதிப்பிடுகிறேன்: ஜான் லேன் என்பவர் தொகுத்த லாட்ஜ் பட்டியல், மேசானிக் பருவ இதழ்த் தொகுப்பு, கட்டண வம்சாவளித் தளம் ஒன்றின் வழியாகக் கிடைக்கும் உறுப்பினர் பேரேடுகள். முதல் இரண்டும் இலவசம். மூன்றாவதற்குச் சந்தா கட்டவேண்டும்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். மூன்றில் சிறந்தது லேனின் பட்டியல்தான். இத்தனைக்கும் அதில் உறுப்பினர் பெயர்கள் கிடையா. மற்ற இரண்டிலும் பெயர்கள் குவிந்துகிடக்கின்றன. ஆனால் லேனைப் பார்க்காமல் அவற்றுக்குள் நுழைபவர், வேறொருவருடைய வாழ்க்கையைத் தம்முடைய நிறுவனருடைய வாழ்க்கை என்று எழுதிவிடும் அபாயம் மிகுதி.

இதற்குக் காரணம், நிறுவன உறுப்பினர் என்பவர் ஆவணங்களில் எப்படித் தோன்றுகிறார் என்பதில் இருக்கிறது. ஆங்கிலக் கிராண்ட் லாட்ஜின் விதிகளின்படி, புதிய லாட்ஜ் தொடங்க விரும்புவோர் அதன் தலைவரான கிராண்ட் மாஸ்டருக்கு விண்ணப்பம் அளிக்கவேண்டும். முறையாகப் பதிவு பெற்ற ஏழு மேசன்களாவது அதில் கையெழுத்திடவேண்டும். அவர்கள் ஒவ்வொருவரும் அதற்குமுன் எந்த லாட்ஜைச் சேர்ந்தவர்கள் என்பதையும் அதில் குறிப்பிடவேண்டும். ஆகவே, எந்த நிறுவனரும் தாம் நிறுவிய லாட்ஜில் தீட்சை (மேசனாகச் சேர்க்கும் சடங்கு) பெற்றவர் அல்லர். அவருடைய மேசானிக் வாழ்க்கை வேறொரு லாட்ஜில், பெரும்பாலும் வேறோர் ஊரில் தொடங்கியிருக்கும். பத்து ஆண்டுகளோ இருபது ஆண்டுகளோ கழித்துத்தான் அவர் புதிய லாட்ஜின் விண்ணப்பத்தில் கையெழுத்திட்டிருப்பார். நூற்றாண்டு மலர் காட்டுவது அவருடைய நடுவயது முகத்தைத்தான். அங்கிருந்து பின்னோக்கிப் போனால்தான் அவர் எப்போது, எந்தத் தொழிலில் இருந்தபோது, எந்த ஊரில் உள்ளே வந்தார் என்பது தெரியும். பின்னோக்கிப் போக லாட்ஜ் எண் வேண்டும். எண்களை நம்பிப் போவதற்கு லேன் வேண்டும்.

ஜான் லேன் இங்கிலாந்தின் டார்க்கேயில் கணக்காளராக இருந்தவர். 1717 முதல் ஆங்கிலக் கிராண்ட் லாட்ஜுகளின்கீழ் அமைந்த லாட்ஜுகள் அனைத்தையும் ஒரே பட்டியலில் அடக்கும் முயற்சியின் முதல் பதிப்பை 1886-இலும், 1894 வரையிலான விவரங்களோடு விரிந்த இரண்டாம் பதிப்பை 1895-இலும் வெளியிட்டார். அதன் இணைய வடிவத்தை அருங்காட்சியகமும் ஷெஃபீல்டு பல்கலைக்கழகத்தின் மானுடப் பண்பியல் (ஹியூமானிட்டீஸ்) ஆய்வு நிறுவனமும் சேர்ந்து உருவாக்கின. ஒரு லாட்ஜின் பெயரையோ, ஊரையோ, எண்ணையோ தட்டினால், அது வாரண்ட் (லாட்ஜ் நடத்துவதற்கான அனுமதிப் பத்திரம்) பெற்ற தேதி, பெயர் மாற்றங்கள், கூடிய இடங்கள், கலைக்கப்பட்டிருந்தால் பட்டியலிலிருந்து நீக்கப்பட்ட ஆண்டு ஆகியவையும், எல்லாவற்றுக்கும் மேலாக, காலந்தோறும் அது தாங்கிய எண்களும் ஒரே பக்கத்தில் வந்துவிடும்.

இந்த எண்கள் விஷயத்தில்தான் லேனின் உழைப்பு விலைமதிப்பற்றதாகிறது. லாட்ஜுகள் கலைந்துபோக, அவற்றின் எண்கள் காலியாகிக்கொண்டே இருந்தன; இடைவெளிகளை நிரப்ப கிராண்ட் லாட்ஜ் அவ்வப்போது எல்லாருக்கும் புதிய வரிசை எண் கொடுத்தது. பதினெட்டாம் நூற்றாண்டில் பலமுறையும், 1813 டிசம்பரில் இரண்டு போட்டிக் கிராண்ட் லாட்ஜுகள் ஒன்றுபட்ட பின் 1814, 1832, 1863 ஆகிய ஆண்டுகளிலும் இப்படி நடந்தது. 1863-இல் கொடுத்த எண்கள்தாம் இன்றும் நீடிக்கின்றன. சென்னையில் 1786-இல் தொடங்கிய பெர்ஃபெக்ட் யுனானிமிட்டி லாட்ஜ் இன்று 150 என்ற எண்ணால் அறியப்படுகிறது. ஆனால் 1850-ஆம் ஆண்டுக் கடிதம் ஒன்றில் '150-ஆம் எண் லாட்ஜைச் சேர்ந்தவர்' என்று ஒருவர் குறிக்கப்பட்டிருந்தால், அது சென்னை லாட்ஜாக இருக்கமுடியாது. அந்த ஆண்டில் அந்த எண் வேறொரு லாட்ஜுக்கு உரியது. குடும்பத்தில் பாதுகாக்கப்படும் பழைய சான்றிதழ்களில் எண் மட்டுமே தெளிவாகத் தெரியும்போது, இந்தக் குழப்பம் ஒருவருடைய வாழ்க்கையையே வேறு கண்டத்துக்குக் கொண்டுபோய்விடும். லேனில் எண்ணையும் ஆண்டையும் சேர்த்துப் பார்த்தால் சில நிமிடங்களில் தெளிவாகிவிடுகிற விஷயம் இது.

லேனின் குறைகளையும் சொல்லவேண்டும். வெளிநாட்டு லாட்ஜுகளுக்குக் கூடுமிடம் பல இடங்களில் ஊர்ப்பெயர் அளவிலேயே நின்றுவிடுகிறது. லண்டன் லாட்ஜுக்கு எந்த மதுவிடுதியில் எத்தனை ஆண்டு கூடியது என்று வரிசையாக வரும். இந்திய லாட்ஜுக்கு 'மெட்ராஸ்' என்ற ஒற்றைச் சொல்லோடு திருப்தி அடையவேண்டியிருக்கும். ஊர்ப்பெயர்கள் காலனி ஆட்சிக்கால வடிவில் இருப்பதால் திருச்சிராப்பள்ளியை 'டிரிச்சினோப்பொலி' என்றும், தூத்துக்குடியை 'டூட்டிகோரின்' என்றும் தேடவேண்டும். தமிழ் வாசகருக்கு இது புதிதல்ல. இன்னொன்று, 1961 நவம்பர் 24-இல் இந்தியக் கிராண்ட் லாட்ஜ் உருவானபோது, இங்கிருந்த லாட்ஜுகளில் பல அதன் ஆளுகைக்கு மாறிப் புதிய எண்களைப் பெற்றன. சில பழைய ஆளுகையிலேயே நீடித்தன. எனவே இன்றைய கடிதத்தாளில் அச்சிட்டிருக்கும் எண்ணை எடுத்துக்கொண்டு லேனில் தேடுவது வீண்வேலை. லாட்ஜின் பழைய வாரண்டில் உள்ள எண்ணைக் கேட்டு வாங்கிக்கொள்ளவேண்டும்.

அடுத்தது உறுப்பினர் பேரேடுகள். நிறுவனருடைய பெயரை நேரில் பார்க்கும் இடம் இதுதான். 1751 முதல் 1921 வரையிலான கிராண்ட் லாட்ஜ் பேரேடுகளின் படங்களும் பெயர்ச் சுட்டியும் 2015-இல் வெளியாயின. ஏறத்தாழ இருபது லட்சம் பெயர்கள் அதில் அடங்கும். 1813-க்கு முன் இரண்டு போட்டிக் கிராண்ட் லாட்ஜுகளுக்கும் தனித்தனியாக இரண்டு வரிசைகள் உண்டு: 'ஏன்ஷியண்ட்ஸ்' எனப்பட்டவர்களுடையது 1751-இலும், 'மாடர்ன்ஸ்' எனப்பட்டவர்களுடையது 1768-இலும் தொடங்குகின்றன. பின்னவர்கள் அந்த ஆண்டில்தான் ஒவ்வோர் உறுப்பினருக்கும் பதிவுக் கட்டணம் விதித்தார்கள். தங்களுக்கென ஒரு மண்டபம் கட்டப் பணம் தேவைப்பட்டதே காரணம். இன்று நமக்குக் கிடைக்கும் பெயர் வரிசை ஒரு கட்டட நிதியின் உபவிளைவு என்பதை நினைத்தால் சிறிது வேடிக்கையாகத்தான் இருக்கிறது.

பேரேட்டின் ஒரு பக்கம் எப்படி இருக்கும் என்பதை விளக்கிவிடுகிறேன். ஏனெனில் சந்தா கட்டுவதா வேண்டாமா என்பதை முடிவுசெய்ய இதுவே ஆதாரம். ஒவ்வொரு லாட்ஜுக்கும் தனிப் பக்கங்கள். தீட்சை பெற்ற தேதி, இரண்டாம் படிக்கு உயர்ந்த தேதி, மூன்றாம் படிக்கு உயர்ந்த தேதி, குடும்பப் பெயர், முதற்பெயர், வயது, வசிப்பிடம், தொழில், சான்றிதழ் கொடுத்த தேதி, ஆண்டுதோறும் கட்டிய சந்தா, கடைசியாகக் குறிப்புரை என்று கட்டங்கள் நீளும். சுவாமி விவேகானந்தர் துறவு பூணுமுன், நரேந்திரநாத் தத்தராக இருந்தபோது, கல்கத்தாவின் ஆங்கர் அண்ட் ஹோப் லாட்ஜில் 1884 பிப்ரவரி 19-இல் சேர்ந்து, ஏப்ரல் 15-இல் இரண்டாம் படியும் மே 20-இல் மூன்றாம் படியும் அடைந்தார் என்பது பலரும் அறிந்த செய்தி. பேரேடு ஒரு மனிதரைப் பற்றிச் சொல்லும் விதமும் இதுவே. அடுத்தடுத்து மூன்று தேதிகளைச் சொல்லும். அவருடைய மனத்தைப் பற்றி ஒரு சொல் கூடச் சொல்லாது.

நிறுவன உறுப்பினர்களின் பெயர்கள் புதிய லாட்ஜின் முதல் பக்கத்தில் தலைப்பகுதியிலேயே கூட்டமாக இருக்கும். அவர்கள் அங்கே தீட்சை பெற்றவர்கள் அல்லர் என்பதால் தேதிக் கட்டங்கள் வெறுமையாகவோ, முந்தைய லாட்ஜின் எண்ணைத் தாங்கியோ காணப்படும். பழக்கமில்லாதவர் இந்த வெறுமையைப் பார்த்து ஆவணம் முழுமையற்றது என்று நினைத்து மூடிவிடுவார். உண்மையில் அந்தச் சிறு எண்தான் முழுத் தேடலின் திறவுகோல். அதை லேனில் கொடுத்து எந்த லாட்ஜ் என்று அறிந்து, அந்த லாட்ஜின் பக்கத்துக்குத் திரும்பினால், நம்முடைய நிறுவனர் இளைஞராக, வேறொரு தொழிலோடு, வேறோர் ஊர் முகவரியோடு நிற்பதைக் காணலாம். புதிய லாட்ஜில் 'கண்காணிப்புப் பொறியாளர்' என்றிருப்பவர் பழைய லாட்ஜில் 'உதவி ஓவர்சியர்' என்றிருந்தால், இடைப்பட்ட ஆண்டுகளில் அவருக்கு என்ன நேர்ந்தது என்பதன் எலும்புக்கூடு கையில் கிடைத்துவிடுகிறது. இந்த ஒப்பீட்டுக்காகவே பேரேட்டுக்குப் பணம் கொடுக்கலாம்.

குறிப்புரைக் கட்டத்தையும் அலட்சியம் செய்யக்கூடாது. விலகினார், இறந்தார், சந்தா கட்டாததால் நீக்கப்பட்டார் என்று ஓரிரு சொற்களில் எழுதியிருப்பார்கள். நூற்றாண்டு மலர்கள் நிறுவனர்களை இறுதிவரை லாட்ஜுக்காக உழைத்த தூண்களாகவே வருணிக்கும். பேரேடோ அவர்களில் ஒருவர் மூன்றாம் ஆண்டே விலகியதை மறைக்காது. வாழ்க்கை வரலாறு எழுதுபவருக்குச் சங்கடம் தரும் சொற்கள் இவை. ஆனால் நீக்கப்பட்டார் என்பதை உடனே அவமானமாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. அரசுப் பணியிலும் ரயில்வேயிலும் இருந்தவர்கள் இடமாற்றத்தில் வெகுதூரம் போய்விட்டால், முறையாக விலகல் கடிதம் கொடுக்காமல் சந்தா நிலுவையாகி, அதனாலேயே பெயர் நீங்குவது சாதாரணமாக நடக்கக்கூடியது. அதே ஆண்டில் வேறோர் ஊர் லாட்ஜில் புதிதாகச் சேர்ந்தவர் வரிசையில் அவர் பெயர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் முடிவுக்கு வரவேண்டும்.

இனி இந்தச் சேவையின் பெரிய குறைக்கு வருகிறேன். பேரேட்டின் படங்கள் நன்றாக இருக்கின்றன. அவற்றுக்குச் செய்திருக்கும் பெயர்ச் சுட்டி நன்றாக இல்லை. கையெழுத்தைப் பார்த்துப் பெயர்த்தெழுதியவர்களுக்கு இந்தியப் பெயர்களின் அமைப்பே தெரியவில்லை என்பது பக்கத்துக்குப் பக்கம் வெளிப்படுகிறது. குடும்பப் பெயர், முதற்பெயர் என்ற இரண்டே கட்டங்களுக்குள், தந்தை பெயரின் தலைப்பெழுத்தும் சொந்தப் பெயரும் சாதிப் பட்டமும் கொண்ட தமிழ்ப் பெயர் அடங்கமறுக்கிறது. முதலியார் என்பது 'மூடெலியார்' என்றும் 'மூட்லியார்' என்றும், பிள்ளை 'பில்லே' என்றும், நாயுடு 'நைடூ' என்றும் அக்கால எழுத்தர்கள் எழுதியதை யாரும் குறைசொல்ல முடியாது. ஆனால் ஒரே மனிதர் ஒரு பக்கத்தில் பட்டப் பெயரின்கீழும் இன்னொரு பக்கத்தில் சொந்தப் பெயரின்கீழும் சுட்டியில் ஏறியிருக்கும்போது, தேடுபெட்டியில் பெயரைத் தட்டி 'முடிவுகள் இல்லை' என்று வருவதை நம்பவே கூடாது. பெயரால் தேடுவதை விட்டுவிட்டு, லாட்ஜால் தேடி, அதன் பக்கங்களை ஒவ்வொன்றாகத் திருப்பிப் படிப்பதே சரியான வழி. இதைத் தளத்தின் உதவிப் பக்கங்கள் வலியுறுத்துவதில்லை; பெயரைத் தட்டினால் மூதாதையர் வந்து நிற்பார் என்ற விளம்பரமே அவர்களுடைய வணிகம்.

கால எல்லையும் ஒரு குறை. 1921-உடன் இணையப் பேரேடு நின்றுவிடுகிறது. அதற்குப் பின் தொடங்கிய லாட்ஜின் நிறுவனர், அதற்கு முன்பே வேறெங்காவது தீட்சை பெற்றிருந்தால் அந்தத் தொடக்கத்தை மட்டும் இங்கே காணலாம். அவர் நிறுவிய லாட்ஜின் பக்கம் இங்கே இராது. சென்னை எழும்பூரில் பிரீமேசன்ஸ் ஹால் எழுந்ததே 1920-களில்தான் என்பதை நினைத்துக்கொண்டால், அந்தத் தலைமுறை நிறுவனர்களைத் தேடுவோருக்கு இந்த எல்லை எவ்வளவு பெரிய தடை என்பது விளங்கும்.

இந்தச் சேவைகளைச் சோதிக்க, வாழ்க்கை நன்கறியப்பட்ட ஒரு நிறுவன உறுப்பினரை எடுத்துக்கொள்வது நல்லது என்று தோன்றியது. பம்பாயின் மானக்ஜி கர்செட்ஜி அப்படிப்பட்டவர். 1808-இல் பிறந்த பார்சி. மேசன்களின் கூட்டத்தில் இடம்பெறப் பம்பாயில் முயன்றும் இயலாமல்போக, 1840-களின் தொடக்கத்தில் ஐரோப்பா சென்றபோது பாரிசில் தீட்சை பெற்றுத் திரும்பினார். ஊர் திரும்பிய பின்னும் பழைய கதவுகள் எளிதில் திறக்கவில்லை. அப்போது மேற்கிந்தியாவில் ஸ்காட்டிஷ் ஆளுகையின் மாகாணக் கிராண்ட் மாஸ்டராக இருந்த மருத்துவர் ஜேம்ஸ் பர்ன்ஸ், இந்தியர்களும் சேர்வதற்கென்றே ஒரு லாட்ஜைத் தொடங்க முன்வந்தார். 1843 டிசம்பரில் அமைந்த அந்த ரைசிங் ஸ்டார் ஆஃப் வெஸ்டர்ன் இந்தியா லாட்ஜில், பர்ன்ஸ் முதல் மாஸ்டராகவும் மானக்ஜி நிறுவன உறுப்பினராகவும் இருந்தார்கள். பின்னாளில் மானக்ஜி பம்பாய் சிறுவழக்கு நீதிமன்றத்தில் நீதிபதியானார். பெண்கல்விக்காக வாதாடி, 1863-இல் அலெக்சாண்ட்ரா இந்தியப் பெண்கள் ஆங்கிலக் கல்வி நிலையத்தைத் தொடங்கினார்.

இவ்வளவு தெளிவான ஒரு நிறுவனர் வாழ்க்கையை மேற்சொன்ன சேவைகளில் தேடினால், லேன் கைவிரிக்கிறார், பேரேடும் கைவிரிக்கிறது. பிழை எதுவும் இல்லை. ரைசிங் ஸ்டார் ஸ்காட்டிஷ் லாட்ஜ். லேனின் பட்டியல் ஆங்கில ஆளுகைக்கு மட்டுமே உரியது. அந்த லாட்ஜின் தாய்ப் பதிவுகளுக்கு எடின்பரோவில் ஜார்ஜ் வீதியிலுள்ள ஸ்காட்லாந்துக் கிராண்ட் லாட்ஜைத்தான் நாடவேண்டும். பாரிசுத் தீட்சைக்கோ பிரெஞ்சுப் பதிவுகளை நோக்கிப் போகவேண்டும். ஒரே மனிதரின் மேசானிக் வாழ்க்கை மூன்று நாடுகளின் ஆவணங்களில் பிரிந்துகிடக்கிறது. இந்தியாவில் ஆங்கிலம், ஸ்காட்டிஷ், ஐரிஷ் ஆகிய மூன்று ஆளுகைகளும் ஒரே நகரத்தில் அருகருகே இயங்கின. ஆகவே தேடலைத் தொடங்குமுன் லாட்ஜின் பெயருக்குப் பின்னால் எந்த ஆளுகையின் சுருக்கெழுத்து நிற்கிறது என்பதைப் பார்ப்பது முதல் கடமை. இதைக் கட்டணத் தளத்தின் அறிமுகப் பக்கத்தில் பெரிய எழுத்தில் போட்டிருக்கவேண்டும். தம்முடைய தாத்தா மேசன் அல்லர் என்று தவறாக முடிவுகட்டிவிட்டுச் சந்தாவை நிறுத்தியவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள் என்று எண்ணிப்பார்க்கிறேன்.

சோதனை இன்னொன்றையும் காட்டியது. மானக்ஜியின் பேரேட்டுப் பக்கம் கிடைத்திருந்தாலும், பெண்கல்விக்காக அவர் எதிர்கொண்ட வசவுகளும், பாரிசு வரை போய்த் தீட்சை பெறவேண்டிய பிடிவாதம் எங்கிருந்து வந்தது என்பதும் அதில் இருந்திரா. ஆர்க்காட்டு நவாபின் மகன் உம்தத்-உல்-உமரா 1775-இல் திருச்சிராப்பள்ளியில் மேசனானதை வரலாறு நினைவில் வைத்திருப்பதற்குக் காரணம் அவர் அரச குமாரர் என்பதே. சாதாரண நிறுவனருக்கு அந்த வசதி இல்லை. அவருடைய குரலை எங்காவது கேட்கமுடியும் என்றால், அது எஞ்சியிருக்கும் பருவ இதழ்த் தொகுப்பில்தான்.

மேசானிக் பருவ இதழ்த் தொகுப்பில் 1834-இல் தொடங்கிய 'பிரீமேசன்ஸ் குவார்ட்டர்லி ரிவ்யூ', 1869-இல் தொடங்கிய 'தி பிரீமேசன்', 1875-இல் தொடங்கிய 'பிரீமேசன்ஸ் கிரானிக்கிள்' முதலிய இதழ்கள் பக்கம் பக்கமாகப் படமெடுத்து, சொல் தேடும் வசதியோடு இலவசமாக வைக்கப்பட்டுள்ளன. புதிய லாட்ஜ் ஒன்று தொடங்கப்படும்போது தானியமும் திராட்சை மதுவும் எண்ணெயும் உப்பும் கொண்டு நடத்தப்படும் அர்ப்பணிப்புச் சடங்கு, பொறுப்பாளர்களின் பதவியேற்பு, பிறகு நடந்த விருந்து, விருந்தில் யார் யார் எதைப் போற்றிப் பேசினார்கள் என்பதெல்லாம் சில அறிக்கைகளில் பத்தி பத்தியாக வரும். நம்முடைய நிறுவனர் அந்த விருந்தில் எழுந்து நாலு வரி பேசியிருந்தால், அது அச்சில் இருக்க வாய்ப்புண்டு. அந்தப் பேச்சு சம்பிரதாயமானதாகத்தான் இருக்கும். ஆயினும் இந்தியச் செய்திகளில் சில இடங்களில், ஊரில் ஏன் இன்னொரு லாட்ஜ் தேவைப்பட்டது, பழைய லாட்ஜில் யாரைச் சேர்க்க மறுத்தார்கள், மாலைநேர ரயிலுக்கு வசதியாகக் கூட்ட நேரத்தை எப்படி அமைத்தார்கள் என்பன போன்ற காரணங்கள் தாமாகவே வெளிவந்துவிடும். எழுதுபவருக்கு இவைதாம் உயிர்ச்சத்து.

தேடும் வசதியைப் பற்றி மட்டும் எச்சரிக்கை தேவை. பழைய அச்சை எழுத்துணரி மென்பொருள் படித்த பாடத்தின்மேல் தேடல் நடப்பதால், மங்கிய தாளில் இந்தியப் பெயர்கள் உருத்தெரியாமல் சிதைந்திருக்கின்றன. இங்கேயும் பெயரைவிட லாட்ஜின் பெயரையும் ஊரையும் கொடுத்துத் தேடுவதே பலன் தரும். இந்தியாவில் நடந்த நிகழ்ச்சியின் அறிக்கை கப்பலில் லண்டன் போய்ச் சேர்ந்து அச்சேறச் சில வாரங்களோ மாதங்களோ ஆகும். ஆகவே வாரண்டின் தேதியை ஒட்டி மட்டும் பார்க்காமல், அடுத்த ஓராண்டு இதழ்களையும் புரட்டவேண்டும். இலவசச் சேவை என்பதால் பயன்படுத்துவோர் இந்தச் சிரமங்களைப் பொறுத்துக்கொள்ளலாம். கட்டணச் சுட்டியின் பிழைகளுக்கு அந்தச் சலுகையைக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

பிரிட்டனில் வாழ்ந்த நிறுவனரைத் தேடுவோருக்கு இந்த மூன்றுக்கும் வெளியே இன்னொரு வழி உண்டு. 1799-இல் இயற்றப்பட்ட சட்டவிரோதச் சங்கங்கள் சட்டம், மேசன் லாட்ஜுகளுக்கு விலக்கு அளித்தபோதிலும், உறுப்பினர்களின் பெயர், இருப்பிடம், தொழில் ஆகியவற்றை ஆண்டுதோறும் மாவட்ட நீதித்துறை எழுத்தரிடம் ஒப்படைக்கவேண்டும் என்று நிபந்தனை விதித்தது. அந்தச் சட்டம் 1967 வரை நீக்கப்படவில்லை என்பதால், மாவட்ட ஆவணக் காப்பகங்களில் இந்தப் பட்டியல்கள் கணிசமாகத் தேங்கியிருக்கின்றன. இந்திய லாட்ஜுகளுக்கு இது பொருந்தாது. இங்கே அதற்கு ஈடாக இருப்பது லாட்ஜின் சொந்த நடவடிக்கைக் குறிப்பேடுதான். முதல் கூட்டத்தின் குறிப்பேடு பிழைத்திருந்தால், அது எல்லா இணையச் சேவைகளையும் விஞ்சிவிடும். கரையானுக்கும் ஈரத்துக்கும் தப்பியிருக்கவேண்டும் என்பதுதான் நிபந்தனை. செயலரிடம் முதலில் இதைக் கேட்டுவிட்டு, இல்லை என்ற பதில் வந்தபின் சந்தாவைப் பற்றி யோசிப்பது சிக்கனமான வரிசை.

யார் பணம் கொடுக்கலாம் என்ற கேள்விக்கு வருகிறேன். லாட்ஜ் ஆங்கில ஆளுகையைச் சேர்ந்தது, அது 1921-க்கு முன் தொடங்கியது அல்லது நிறுவனர் அதற்கு முன்பே மேசனானவர் என்ற இரண்டும் உறுதியானால், கட்டணத் தளத்தில் குறுகிய காலச் சந்தா போதும். லேனில் செய்யவேண்டிய வேலையை முன்கூட்டியே முடித்து, பார்க்கவேண்டிய லாட்ஜுகளின் பெயரையும் எண்களையும் தாளில் எழுதிக்கொண்டு உள்ளே போகவேண்டும். அப்படிப் போனால் சில மாலைப் பொழுதுகளில் பேரேட்டு வேலை முடிந்துவிடும். ஆண்டுச் சந்தா, குடும்ப மரம் முழுவதையும் வரையப்போகிறவர்களுக்கே தகும். தானாகவே புதுப்பித்துக்கொள்ளும் வகையில் சந்தாக்கள் அமைக்கப்படுவதால், வேலை முடிந்ததும் ரத்து செய்துவிடுவது நல்லது. ஸ்காட்டிஷ் அல்லது ஐரிஷ் லாட்ஜ் என்றால் இதற்குப் பணம் செலவழிக்கவே வேண்டாம்; நேரே அந்தந்தக் கிராண்ட் லாட்ஜுக்கு எழுதலாம். லண்டன் அருங்காட்சியகத்துக்கும் விசாரணைக் கடிதம் அனுப்பலாம். அப்போது நிறுவனரின் பெயருக்கு வழங்கிய எல்லா எழுத்து வடிவங்களையும், லாட்ஜின் பெயர், எண், ஊர் ஆகியவற்றையும், தெரிந்த அளவில் தொழிலையும் சேர்த்தே எழுதவேண்டும். 'என் தாத்தா மேசன், விவரம் தேவை' என்ற ஒற்றை வரிக் கடிதத்துக்கு யாரும் உருப்படியான பதில் தரமுடியாது.

கிடைத்த பக்கத்தின் படத்தை நூற்றாண்டு மலரில் அச்சிட நினைப்பவர்கள், சந்தா கட்டியதாலேயே வெளியிடும் உரிமை கிடைத்துவிட்டதாகக் கொள்ளக்கூடாது. ஆவணத்தின் உரிமை அருங்காட்சியகத்திடமும் இணையப் படத்தின் நிபந்தனைகள் தளத்திடமும் இருக்கக்கூடும். இரு தரப்பிலும் எழுத்தில் அனுமதி கேட்டுப் பெற நேரம் பிடிக்கும். ஆகவே மலர் அச்சுக்குப் போகும் தேதி முடிவானவுடனேயே அந்தக் கடிதங்களை அனுப்பிவிடவேண்டும்.